பங்குனியில் கூடிய கூட்டம்

பொன்செல்வி வேனை எதிர்பார்க்கவே இல்லை. அப்பா மட்டும் பஸ்ஸில் வருவார், பின்வரிசையில் ஓர் ஓரமாக உட்காருவார், முடிந்ததும் கேன்டீனில் ஒரு ஊண் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவார் என்றுதான் நினைத்திருந்தாள். கழக்கூட்டம் என்ற ஊருக்குச் சற்று முன்னால், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில், தமிழ்த் துறை வாசலில் அந்த வேன் வந்து நின்றபோது அதிலிருந்து, அந்த மலையாள நகரத்தில் தமிழர்கள் கடை வைத்திருக்கும் சாலைக் கடைவீதியில் பாதி இறங்கியது. பலசரக்குக் கடைக்காரர்கள், பாத்திரக் கடை ஆட்கள், வாழைக்குலை மண்டியில் எடை போடுகிறவர், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரு கூட்டம். எல்லோரும் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த துணியை உடுத்தியிருந்தார்கள்.

முதலில் இறங்கியவர் அவளுடைய அப்பா வன்னியபெருமாள். "எல்லாரும் வாரோம்னு நின்னாவ மக்ளே. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். சொன்ன முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக இறங்கியவர் கடைவீதி வாசகசாலையின் செயலாளர் சொரிமுத்து. அவர் கக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் சுருள் இருந்தது. "டீச்சரே, ஹாலு எங்க? இத நாலு பேரு பாக்குத மாதிரி கெட்டணும்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அவளுக்கு ஓப்பன் டிஃபன்ஸ். இந்த ஊரில் முனைவர் பட்டத்துக்கு அதுதான் கடைசிப் படி. ஆய்வேட்டை வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்து, பரவாயில்லை என்று எழுதி அனுப்பிய பிறகும் விடமாட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று, நான் எழுதியது இதுதான், யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். வழியோடு போகிறவர்கூட உள்ளே வந்து கேள்வி கேட்கலாம் என்பது சட்டம். வழியோடு போகிறவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், அவர் எதற்கு வரப்போகிறார்? ஆகவே துறையில் ஒரு பழக்கம் உண்டு. வழிகாட்டி முந்தின நாளே கேள்விகளை எழுதி, மூன்று ஆய்வு மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவார். அவர்கள் அப்போதுதான் தோன்றியதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பார்கள். பதில் சொல்கிறவரும் கொஞ்சம் யோசிக்கிற பாவனை செய்துவிட்டு மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார். தலைவர் மிக நன்று என்பார். எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

இந்தச் சின்ன நாடகத்தில் நின்று நடிக்கிற தகுதி வர பொன்செல்விக்கு நாற்பது வயதாகிவிட்டது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்க வந்த வன்னியபெருமாளுக்கு, கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவள். அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடம். மலையாளம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. நகரத்துக் கல்லூரியில் பி.ஏ.க்குத் தமிழ் எடுத்தபோது, அதைப் படித்து இந்த ஊரில் என்ன செய்யப்போகிறாய் என்று இரண்டு மொழியிலும் கேட்டார்கள். அவளுக்குப் பதில் தெரியவில்லை, பிடித்திருந்தது, எடுத்தாள். இந்த வளாகத்தில் எம்.ஏ. முடித்தாள். அப்புறம் கெஸ்ட் லெக்சரர். நெடுமங்காடு, ஆற்றிங்கல் என்று எந்தக் கல்லூரியில் தமிழுக்கு ஆள் இல்லையோ அங்கே ஜூனில் போய்ச் சேர வேண்டும், மார்ச்சில் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கல்யாணப் பந்திக்கு வாடகைக்கு எடுக்கிற பாத்திரத்துக்கு என்ன மரியாதையோ அந்த மரியாதை. அதற்கும் வருஷா வருஷம் இன்டர்வியூ உண்டு.

போன ஜூனில் அந்த இடமும் போயிற்று. அவளிடமே படித்த ஸ்ரீலக்ஷ்மி டாக்டரேட் முடித்துவிட்டு அந்த இன்டர்வியூவுக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரேட் இருக்கிறவர்களுக்குத்தான் முதலிடம். வெளியே வந்த ஸ்ரீலக்ஷ்மி, "டீச்சர், சாரி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்செல்விக்கு அவள்மேல் கோபம் இல்லை, தன்மேல்தான் எரிச்சல். அந்த வருஷம் முழுக்க, கழக்கூட்டத்தில் ஐ.டி. பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் வார்டனாக இருந்தாள். தண்ணீர் மோட்டார் போடுவதும், கேட்டைப் பூட்டுவதும், யார் எப்போது வந்தார்கள் என்று பார்ப்பதும். அந்த வாயிற்படியில் உட்கார்ந்துதான் ஆய்வேட்டை முடித்தாள். பதிவுக் காலத்தை நீட்டிக் கொடுத்ததும் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டார்கள். வழிகாட்டி ஸ்ரீகண்டன் சார் அடுத்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். தமிழில் வேறு வழிகாட்டி இங்கே கிடையாது. இன்றைக்கு ஏதாவது ஆகி ஏடு திரும்பி வந்தால், திரும்பி வந்ததுதான்.

ஆய்வு, இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வகுப்பு நடந்த வரலாறு. யார் நடத்தினார்கள், எதைப் பாடமாக வைத்தார்கள், யார் படிக்க வந்தார்கள். கேட்டால் சாதுவான விஷயம்போலத்தான் இருக்கும். நாலாம் அத்தியாயம் மட்டும் சாது இல்லை. இங்கே தமிழ் பி.ஏ. வகுப்பு வந்தது பிச்சுமணி ஐயர் என்ற பேராசிரியரின் முயற்சியால் என்பதுதான் துறையில் எல்லோரும் சொல்வது. கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. பொன்செல்வி அதை மறுத்திருந்தாள். சாலைக் கடைவீதியில் ஒரு நாள் கடையெல்லாம் அடைத்து ஜனங்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் நினைவாக வாசகசாலைச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. பி.ஏ. வகுப்பின் காரியமாகக் கடைவீதி மகாஜனங்கள் இவ்விடம் கூடினார்கள் என்ற வாசகமும், கொல்லம் ஆண்டும் மாதமும் அதில் உண்டு. அந்தக் கூட்டம் முதலில் நடந்தது, வகுப்பு தொடங்கலாம் என்ற ஆணை பிறகுதான் வந்தது, ஆகவே மூட்டை தூக்குகிறவனும் பொட்டலம் மடிக்கிறவனும் கேட்டு வாங்கியதுதான் இந்தத் துறை. இதுதான் அவள் வாதம்.

அவள் வாதம் என்றால் கடைவீதிக்குப் போதாது. அது அவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. வன்னியபெருமாள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சீரகத்தை மடித்துக்கொண்டே சொன்னார். வேன் வந்தது அதனால்தான்.

அந்த அத்தியாயத்தால் அடிபட்டவர் ஒருவர் உண்டு. ஸ்ரீகண்டன் சாருடைய தாத்தாவின் தம்பிதான் பிச்சுமணி ஐயர். கோட்டைக்குள் அக்ரகாரத்தில், ஐயர் இருந்த வீட்டில்தான் சார் இன்னும் இருக்கிறார். அத்தியாயத்தைப் படித்த அன்று சார் ஏட்டை மூடி மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "செல்வி, இது எங்காத்து விஷயம். இதுல நான் கை வெச்சா நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவா. இந்தச் சாப்டரை நான் தொடமாட்டேன், கேட்டியா. நீ எழுதினது எழுதினபடி போகட்டும்." மற்ற அத்தியாயங்களில் புள்ளி, கோடு விடாமல் திருத்தியவர், இதில் ஓர் ஒற்றுப் பிழையைக்கூடத் திருத்தவில்லை. இதற்காகச் சாருடைய வயதான அம்மா அவரோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பொன்செல்விக்குப் பிறகு வேறு ஆள் மூலம் தெரிந்தது. அவரை அவள் அன்றிலிருந்து ஒரு படி மேலே வைத்திருந்தாள்.

ஹாலுக்குள் போனபோது சொரிமுத்து நாற்காலியில் ஏறி ஃப்ளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கச் சுவர், மின்விசிறிக்கு நேர் கீழே. வாசகசாலைக் கல்லைப் பெரிதாகப் படம் பிடித்துப் போட்டு, கீழே சிவப்பு எழுத்தில், கொல்லம் ஆண்டு 1120 பங்குனி, கி.பி. 1945 என்று அச்சடித்திருந்தது.

பொன்செல்வி சிரித்துக்கொண்டே, "அண்ணே, வருசம் தப்பா போட்டிருக்கே. நாப்பத்தி நாலுல்லா?" என்றாள்.

"ஃப்ளெக்ஸ் கடைக்காரன் போன்ல அடிச்சுப் பாத்துப் போட்டான் டீச்சரே. தெற்றிப் போச்சா? மேல ஸ்டிக்கர் ஒட்டிரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். வந்தவள், சும்மா ஒரு சமாதானத்துக்கு, விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள்.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அது பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனவரி வந்து ஆங்கில வருஷம் மாறிவிடும். ஆகவே ஆவணியிலிருந்து மார்கழி பாதி வரைக்கும் கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு வருகிற மாதங்களுக்கு அதைவிட ஒன்று அதிகம் கூட்ட வேண்டும். இது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஆய்வுக்காக அவள் புரட்டிய பழைய ஆணைகள் முக்கால்வாசி ஆவணிக்கும் மார்கழிக்கும் நடுவில் வந்தவை. ஒரே எண்ணைக் கூட்டிக் கூட்டி விரல் பழகிவிட்டது. போதாததற்கு, அவள் வீட்டில் வருஷம் சித்திரையில் பிறக்கும், பள்ளிக்கூடத்தில் மலையாளச் சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில், பிறக்கும், காலண்டரில் ஜனவரியில் பிறக்கும். மூன்று புது வருஷத்தோடு வளர்ந்தவளுக்குப் பங்குனி என்றதும், வீட்டு வழக்கப்படி, பழைய வருஷத்தின் வால்தானே என்று தோன்றியிருக்கிறது. அதே எண்ணைக் கூட்டிவிட்டாள்.

ஃப்ளெக்ஸ்தான் சரி. கூட்டம் நடந்தது 1945 மார்ச்சில். வகுப்புக்கான ஆணை வந்தது 1944 செப்டம்பரில். கூட்டம் நடக்கும்போது வகுப்பு கிடைத்து அரை வருஷம் ஆகியிருந்தது.

 தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டத்தில் நாகஸ்வரம் வைத்தார்கள், பாயசம் ஊற்றினார்கள் என்று கடைவீதியில் கிழவர்கள் சொல்லியிருந்தார்கள். கோரிக்கை வைக்கப் போகிறவன் எதற்கு நாகஸ்வரம் வைக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அவள் யோசிக்கவில்லை, எழுதினாள். ‘எதிர்ப்பின் கொண்டாட்டத் தன்மை’ என்று ஒரு தலைப்புப் போட்டு ஆறு பக்கம் எழுதினாள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அந்த ஆறு பக்கத்தைத்தான் விசேஷமாகப் பாராட்டியிருந்தார். இப்போது அதை நினைக்கையில் அவளுக்குக் கூசியது.

கார் வந்து நின்றது. தலைவராக மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியை நாகலக்ஷ்மி இறங்கினார். ஸ்ரீகண்டன் சார் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார். பொன்செல்வி அவர் பக்கத்தில் போனாள்.

"சார், ஒரு நிமிஷம். நாலாம் சாப்டர்ல..."

"இப்போ ஒண்ணும் பேசாதே" என்றார் சார், குரலைத் தாழ்த்தி. "கடைசி நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் தோணும். தண்ணியைக் குடி. எதுவானாலும் முடிஞ்சப்பறம் பேசிக்கலாம்." சொல்லிவிட்டு விருந்தாளியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் போட்டிருந்த சட்டை புதிது. அவருடைய மாணவர்களில் இவள்தான் கடைசி.

ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் துறைக்காரர்கள், பக்கவாட்டில் ஆய்வு மாணவர்கள், பின்னால் முழுக்கக் கடைவீதி. பொன்செல்வி மைக் முன்னால் நின்று பேசத் தொடங்கினாள். முதல் மூன்று அத்தியாயங்களுக்கு நாக்கு தானாக ஓடியது. நாலாவது ஸ்லைடு வந்தபோது திரையில், 1944 மார்ச் கடைவீதிக் கூட்டம், 1944 செப்டம்பர் ஆணை, என்று இரண்டு வரி பெரிதாக விழுந்தது. பத்தடி தள்ளிச் சுவரில் சிவப்பு எழுத்தில் 1945. தலையை ஒரு தடவை திருப்பினால் போதும், எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்துவிடும்.

நல்ல வேளையாக மின்விசிறிக் காற்றில் ஃப்ளெக்ஸின் கீழ்மூலை மடங்கிக்கொண்டது. வருஷம் மறைந்தது. அவள் மூச்சு விட்டாள். உடனே சொரிமுத்து எழுந்து, குனிந்தபடியே சுவரோரமாகப் போய், அந்த மூலையை நீவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி மடங்கியது. மறுபடி எழுந்தார். நாகலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார் இது குறுக்கே நடப்பது என்று அந்தப் பக்கம் திரும்பினார். பொன்செல்விக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்தது. நாகலக்ஷ்மி ஃப்ளெக்ஸைப் பார்த்தார், சொரிமுத்துவைப் பார்த்துப் புன்னகை செய்தார், திரும்பிக்கொண்டார். சிவப்பு எழுத்தையும் திரையையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு என்ன அவசியம்? அவர் கவனிக்கவில்லை.

தப்பித்துவிடலாம் என்று பொன்செல்விக்கு அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றியதும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை, வெட்கமில்லாத ஆசை, வந்தது. யாருக்கும் தெரியாது. வெளியூர்ப் பேராசிரியர்கள் பார்க்கவில்லை, சார் தொடவில்லை. இன்னும் அரை மணி நேரம் வாயைப் பிடித்துக்கொண்டால் ஜூனில் இன்டர்வியூவுக்குப் போகலாம். ஹாஸ்டல் கேட்டை இனிமேல் பூட்ட வேண்டாம்.

கேள்வி நேரம் வந்தது. முதல் மாணவர் எழுந்து நெற்றியைச் சுருக்கினார். அவள் யோசிக்கிற மாதிரி யோசித்துப் பதில் சொன்னாள். இரண்டாவதும் அப்படியே போயிற்று. மூன்றாவதாக ஸ்மிதா எழுந்தாள். துறையிலேயே சூட்டிகையான பெண். கையில் இருந்த துண்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தெளிவாகக் கேட்டாள்.

"கடைவீதிக் கூட்டம் முதலில் நடந்தது, ஆணை பிறகு வந்தது என்பதுதான் உங்கள் ஆய்வின் புதிய முடிவு. இந்த வரிசையை எப்படி உறுதி செய்தீர்கள்?"

இந்தக் கேள்வியைச் சார்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அவளுடைய பலம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கேள்வி வர வேண்டும் என்று. முந்தின நாள் அவர் முன்னாலேயே பதிலை ஒப்பித்துக் காட்டியிருந்தாள். கல்லில் உள்ள ஆண்டு ஐயத்துக்கு இடமின்றி, என்று அது தொடங்கும்.

அவள் மைக்கைப் பிடித்தாள். சாரைப் பார்த்தாள். சார் அவள் தொடங்குவதற்குத் துணையாக லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பதில் அவருக்கும் மனப்பாடம். தன் வீட்டுப் பெரியவர் பேரை அடித்துப் போடுகிற பதிலுக்கு, எங்கே அவள் திக்கிவிடுவாளோ என்ற கவலையோடு, அந்த மனுஷர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பயம் போய்விடவில்லை.

"அப்படி உறுதி செய்ய முடியாது" என்றாள்.

ஸ்மிதா திகைத்துப்போய்க் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஆண்டைக் கணக்குப் போட்டதில் நான் தவறு செய்துவிட்டேன். இன்று காலையில்தான் தெரிந்தது. கல்லில் இருப்பது பங்குனி மாதம். அதை நான் ஒரு வருஷம் முன்னால் தள்ளி எழுதிவிட்டேன். அதோ அந்த ஃப்ளெக்ஸில் இருக்கிற ஆண்டுதான் சரி. ஆணை வந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கூட்டம் நடந்திருக்கிறது. அது கோரிக்கைக் கூட்டம் இல்லை. வகுப்பு கிடைத்ததற்கு நன்றி சொல்வதற்காகக் கூடிய கூட்டம். நாலாம் அத்தியாயத்தின் முடிவு நிற்காது."

 ஸ்ரீகண்டன் சாரின் தலையாட்டல் நின்றுபோயிருந்தது. நாகலக்ஷ்மி ஃப்ளெக்ஸையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாரிடம் திரும்பினார். "நீங்க பாக்கலையா?"

"அந்தச் சாப்டரை நான் தொடலை, மேடம்" என்றார் சார். கொஞ்சம் நிறுத்தி, "தொட்டிருக்கணும்" என்றார்.

பின்வரிசையில் சலசலப்பு கிளம்பியது. பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. புரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அப்போது வன்னியபெருமாள் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல ஒரு கையைத் தூக்கியிருந்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

துறைத் தலைவர் தயங்கினார். நாகலக்ஷ்மி, "கேளுங்க ஐயா. அதுக்காகத்தானே இது" என்றார்.

அவர் தலைவரைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். "இந்தக் கடைவீதிக்கு நான் மீசை மொளைக்குமுன்ன வந்தவன். வந்த நாள்லேருந்து கேட்ட கதை இது. நம்ம ஆளுவ கடைய அடச்சிட்டு நின்னு கேட்டாவ, அதனாலதான் தமிழு வந்துதுன்னு. நீயும் அப்படித்தான எழுதுன. நான் ஊரு பூரா சொன்னேன். இப்பம் நீ சொல்லு. நம்ம ஆளுவ ஒண்ணும் கேக்கலியா? வாங்கினதுக்கு நன்றி சொல்லத்தான் கூடினாவளா?"

 ஆதாரம் இனிமேல்தான் தேட வேண்டும், வேறு விதமாகவும் கேட்டிருக்கலாம், வாய்மொழி வழக்கு என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்ல வழி இருந்தது. சொன்னால் அப்பா நம்பிவிடுவார். அவர் இப்போதும் நம்பத் தயாராகத்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வது அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஆமாப்பா. இப்பம் நம்ம கையில உள்ளத வச்சுப் பாத்தா, நன்றி சொல்லத்தான் கூடினாவ."

"செரி" என்றார் வன்னியபெருமாள். உட்காரவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார்.

"அப்பம் எங்க கல்லு பொய்யா?" என்று சொரிமுத்து கத்தினார்.

"கல்லு பொய் இல்லண்ணே. நான்தான் தப்பாப் படிச்சேன்."

"இதச் சொல்லவா எங்கள இங்க வரச் சொன்ன?"

அவள் யாரையும் வரச் சொல்லவில்லை. அதை அப்போது சொல்லி என்ன பயன்? நாற்காலிகள் இழுபட்டன. கடைவீதி எழுந்து வெளியே போயிற்று. சொரிமுத்து ஃப்ளெக்ஸை அவிழ்க்கக்கூட இல்லை.

நாகலக்ஷ்மியும் சாரும் துறைத் தலைவரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொன்செல்வி மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஸ்மிதா வந்து, "அக்கா, நான் வேற எதையாச்சும் கேட்டிருக்கலாம். சார் எழுதித் தந்ததத்தான் கேட்டேன்" என்று அழுகிற குரலில் சொன்னாள். "நீ கேட்டது சரிதான்" என்றாள் பொன்செல்வி. உள்ளே நாகலக்ஷ்மியின் குரல் ஏறுவதும், சாரின் குரல் இடையில் புகுவதும் கேட்டது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் காத்திருப்பில் அவள் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. எதற்கென்று வேண்டுவது என்றே தெரியவில்லை.

கதவு திறந்தது. நாகலக்ஷ்மி நின்றபடியே பேசினார். நாலாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுத வேண்டும். வழிகாட்டி இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் அது தன் கைக்கு வந்தால், பட்டத்துக்குப் பரிந்துரை செய்வேன். வராவிட்டால் செய்யமாட்டேன். மற்ற அத்தியாயங்கள் நன்றாக இருக்கின்றன. இவ்வளவையும் ஆசிரியை குரலில் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டபோது குரலை மாற்றினார். "எத்தனையோ டிஃபன்ஸ்ல உக்காந்திருக்கேன்மா. பதில் தெரிஞ்சே ஆகணும்னு ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கேட்டதை இன்னிக்குத்தான் பாத்தேன்."

ஆய்வு மாணவர்கள் கை தட்டினார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அந்தக் கைதட்டல் சின்னதாக இருந்தது.

ஸ்ரீகண்டன் சார் எல்லோரும் போகும்வரை நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தாள். "ஆத்துல போய் அம்மாகிட்ட சொன்னா அம்மா சந்தோஷப்படுவா" என்றார். "எனக்குத்தான் சந்தோஷப்பட வரலை. பயந்துண்டு விட்டுட்டேன் பாரு, அதுதான் நிக்கறது. நாளைக்குக் காலம்பற வந்துடு. முதல் பாராவிலேர்ந்து உக்காருவோம். இப்போ போய் உங்கப்பாவைப் பாரு."

அப்பா வேனில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டுக்கு நடந்தாள். வீட்டுக்குப் போவதா, ஹாஸ்டலுக்குப் போவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போக வேண்டுமானால் கடைவீதிக்குள் நடந்து போக வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் தெரிந்த முகம் இருக்கும்.

ஹைவே ஓரத்து பஸ் ஸ்டாப்பில் வன்னியபெருமாள் தனியாக நின்றுகொண்டிருந்தார். வெயிலில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேன்ல போகலியாப்பா?"

அவர் வண்டிகளைப் பார்த்தபடியே நின்றார். ஐ.டி. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவளைப் பார்க்காமலே சொன்னார். "போனேன். அந்த வளைவு தாண்டுமுன்ன எறங்கிட்டேன். நம்ம ஆளுவள நீ காட்டிக் குடுத்துட்டன்னு பேசினானுவ. வாயில வந்ததெல்லாம் பேசினானுவ."

"அப்பா..."

"நீ பேசாத. நான் உங்கிட்ட இன்னும் பேசல. எனக்கு ஆறல, ஆறதுக்கு நாளாகும். ஆனா அவனுவ பேசுனத இருந்து கேட்டுட்டு வரவும் என்னால முடியல."

அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். கண் நிறைந்தது, துடைக்கவும் இல்லை. இவ்வளவு போதும் என்று இருந்தது அவளுக்கு.

கடைவீதிப் பக்கம் போகிற கிழக்கேகோட்டை பஸ் கூட்டமாக வந்தது. அவள் முன்வாசலில் ஏறிப் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பின்வாசலில் ஏறினார். நடுவில் ஆட்கள் நெருக்கி நின்றார்கள், அவர் தலை தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். கடையில் வாடிக்கைக்காரர்களிடம் பேசிப் பழகிய மலையாளத்தில், பஸ் முழுக்கக் கேட்கும்படி, அப்பாவின் குரல் வந்தது.

"ரெண்டு கிழக்கேகோட்ட. ஒண்ணு எனிக்கு. ஒண்ணு முன்பில் நிக்குந்ந டாக்டர்க்கு."

பாதி பஸ் திரும்பி அவளைப் பார்த்தது.